பிள்ளை நல்லா இருக்கா? நான் நல்ல அம்மாவா?

1/
இந்த இழை புதுசா அம்மா ஆனவங்களுக்கு. கூடவே அவங்க வீட்டுக்காரருக்கும், மாமியாருக்கும், பெத்த அம்மாவுக்கும். கொஞ்சம் நீளம். பிள்ளை தூங்குற நேரத்துல நிதானமா படிங்க.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் பிள்ளைகளைப் பார்க்கும் மருத்துவர் நான். சில வருடங்களாக ஒரு மாற்றத்தைக் கவனிக்கிறேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என் முன்னால் உட்காரும் அம்மா, என்னிடம் கேட்கப்போகும் கேள்வியை ஏற்கெனவே வேறு எங்கோ கேட்டுவிட்டு வந்திருக்கிறார். முகம் தெரியாத ஆயிரக்கணக்கான அம்மாக்கள் இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழுவிலோ, ஃபேஸ்புக் குழுவிலோ.

2/
சில பேர் என்னிடம் காட்டிய பிறகு, வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, நான் சொன்னது சரிதானா என்று அங்கே கேட்பாங்க. இதில் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. மருத்துவர் பதில் சொன்ன பிறகும் ஒரு கேள்வி தீரவில்லை என்றால், அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்குதுன்னு அர்த்தம். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

3/
வழக்கமா கேட்கப்படுகிற கேள்விகள் இவை:

"எட்டு மாசம், ஏழு கிலோ. போதுமா சிஸ்டர்ஸ்?"
"பதினோரு மாசம் ஆச்சு, இன்னும் நடக்கல. உங்க பிள்ளை எப்ப நடந்துச்சு?"
"பால் பத்தலைன்னு அத்தை சொல்றாங்க. பவுடர் பால் குடுக்கட்டுமா?"
"வேலைக்குப் போறேன், பிள்ளையை அம்மாகிட்ட விடுறேன். தப்பா?"

மேலோட்டமா பார்த்தா எல்லாம் பிள்ளையைப் பற்றிய கேள்விகள். நல்லா உத்துப் பாருங்க. ஒவ்வொன்றிலும் இரண்டு கேள்வி இருக்கு. ஒன்று, "என் பிள்ளை நல்லா இருக்கா?" இரண்டாவது, "நான் நல்ல அம்மாவா?"

4/
முதல் கேள்விக்குப் பதில் இருக்கு. தராசு சொல்லும், அளவு நாடா சொல்லும், தாய்-சேய் அட்டை சொல்லும். இரண்டாவது கேள்விக்கு எந்த அட்டையும் கிடையாது. முன்பின் தெரியாத யாராலும் அதுக்குப் பதில் சொல்லவும் முடியாது.

பிரச்சினை எங்கே வருதுன்னா, நாம வாயால முதல் கேள்வியைக் கேட்கிறோம், மனசு இரண்டாவது கேள்விக்குப் பதிலை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கு.

5/
ஒரு உதாரணம். அடையாளம் தெரியாமலிருக்க சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

திருச்சுழிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். வீட்டுக்காரர் வெளிநாட்டில். தலைச்சன் பிள்ளை, பெண் குழந்தை, எட்டு மாதம். பிறக்கும்போது 2.6 கிலோ. இப்போது 7.2 கிலோ. "பிள்ளைக்கு எடையே ஏறல டாக்டர்" என்று அழாத குறையாகச் சொன்னார் அந்த அம்மா.

ஃபோனை எடுத்துக் காட்டினார். அதே எட்டு மாதத்தில் வேறு யாருடைய பிள்ளையோ, ஒன்பதரை கிலோ, கொழுகொழுவென்று. கீழே இவர் கேட்ட கேள்வி: "என் பிள்ளைக்கு என்ன குடுத்தா எடை ஏறும்?"

6/
பதில்கள் வரிசையாக வந்திருந்தன. கேப்பைக்கூழ், நெய், நேந்திரங்காய்ப் பொடி, ஏதோ ஒரு டப்பா பவுடர். நடுநடுவே, "உங்களுக்குப் பால் இல்லைபோல", "இவ்வளவு நாள் என்ன பண்ணீங்க?", "பாவம் பிள்ளை".

சொன்ன பெரும்பாலோர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் ஒருத்தர்கூட "பிறக்கும்போது எடை எவ்வளவு? போன மாசம் எவ்வளவு? அட்டையில கோடு எங்க போகுது?" என்று கேட்கவில்லை.

7/
அட்டையை வாங்கிப் பார்த்தேன். நர்சம்மா மாதாமாதம் எடை போட்டுப் புள்ளி வைத்திருந்தார். எட்டு மாதப் பெண் குழந்தைக்கு நடு எடை 7.9 கிலோ. 6.3 கிலோவுக்குக் கீழே போனால்தான் எடைக்குறைவு என்கிறோம். இவள் 7.2. பிறந்த எடையைப் போல இரண்டே முக்கால் மடங்கு. முதல் மாதத்திலிருந்து கோடு தன் பாதையில் ஒழுங்காக ஏறிவந்திருக்கிறது. கையைப் பிடித்து இழுக்கிறாள், சிரிக்கிறாள், என் ஸ்டெதஸ்கோப்பைக் கடிக்கிறாள். ஒரு குறையும் இல்லாத பிள்ளை.

8/
இந்த அட்டையில் இருக்கும் கோடுகள் யாரோ குத்துமதிப்பாகப் போட்டவை இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் ஏறத்தாழ 8,500 குழந்தைகளை அளந்து, 2006இல் வெளியிட்டது. இந்தியக் குழந்தைகள் டெல்லியைச் சேர்ந்தவர்கள். எல்லோரும் தாய்ப்பால் குடித்து, நல்ல சூழலில் வளர்ந்த பிள்ளைகள்.

நம்ம பிள்ளையை ஒப்பிடணும்னா இந்தக் கூட்டத்தோட ஒப்பிடுங்க. ஃபோன்ல வர்ற ஒத்தைப் பிள்ளையோட வேண்டாம்.

9/
நடு எடை என்றால் என்ன என்பதிலும் குழப்பம் இருக்கு. ஒரே வயசுள்ள நூறு ஆரோக்கியமான பிள்ளைகளை எடைப்படி வரிசையில் நிறுத்தினால், நடுவில் நிற்கும் பிள்ளையின் எடை அது. அப்படின்னா, ஆரோக்கியமான பிள்ளைகளில் பாதிப் பேர் அதுக்குக் கீழதான் இருப்பாங்க. நடு எடையைத் தொடாதது ஃபெயில் இல்லை.

மருத்துவர் கவனிப்பது ஒரு புள்ளியை இல்லை, கோட்டின் போக்கை. ஏறிக்கொண்டே வந்த கோடு படுத்துவிட்டாலோ, இறங்கினாலோதான் காரணம் தேடணும்.

10/
நடப்பதும் அப்படித்தான். அதே ஆய்வில் பிள்ளைகள் எப்போது தனியாக நடந்தார்கள் என்றும் பார்த்தார்கள். 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை. ஒன்பது மாத இடைவெளி! எல்லாமே இயல்பு. சுமார் 4 சதவீதப் பிள்ளைகள் கையும் முட்டியும் ஊன்றித் தவழாமலேயே அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டார்கள்.

"எங்க பிள்ளை பத்து மாசத்துல நடந்துட்டான்" என்று ஒருத்தர் பெருமையாகச் சொல்வதும் உண்மை. உங்கள் பிள்ளை பதினைந்து மாதத்தில் நடப்பதும் இயல்பு. 18 மாதம் ஆகியும் நடக்கவில்லை என்றால் அவசியம் காட்டுங்கள்.

11/
திரும்ப அந்த அம்மாவிடம் வருவோம். எல்லாம் விளக்கி முடித்தேன். அவர் கிளம்பவில்லை. கொஞ்ச நேரம் பிள்ளையின் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "அப்ப நான் சரியாத்தான் பார்க்கிறேனா டாக்டர்?" என்றார்.

இதுதான் அந்த இரண்டாவது கேள்வி. எடையைச் சொன்னபோது வராத கண்ணீர் அப்போது வந்தது. பக்கத்தில் மாமியார் நின்றுகொண்டிருந்தார். அவரும் பிள்ளை மேல் உயிரையே வைத்திருப்பவர்தான். ஆனால் எட்டு மாதமாக அந்த வீட்டில் ஒருத்தர்கூட இந்தக் கேள்விக்கு "ஆமா" என்று சொல்லியிருக்கவில்லை.

12/
இங்கே ஒரு விஷயம் சொல்லணும். நம்ம பக்கம் மானாவாரி பூமி. மழை பெய்தால் வெள்ளாமை, இல்லாட்டி கரிமூட்டம், நூற்பாலை, தறி. அதுவும் பத்தாமல் ஆம்பளைகள் திருப்பூர், கோவை, சென்னை, கல்ஃப் என்று போய்விடுகிறார்கள். வீட்டில் பச்சைப்பிள்ளையும், இருபத்திரண்டு வயசு அம்மாவும், வயசான மாமியாரும்.

மாமியார் பாசத்தைக் கவலையாத்தான் காட்டுவார். "பிள்ளை இளைச்சுருச்சு." "பால் பத்தலை." "கண்ணு பட்டுருச்சு." ஒரு நாளைக்குப் பத்து தடவை. வீடியோ காலில் வரும் வீட்டுக்காரர் முதல் கேள்வியே, "பிள்ளை சாப்பிட்டாளா? ஏன் இப்படி இருக்கா?" அந்தப் பெண் ராத்திரி இரண்டு மணிக்கு ஃபோனைத் திறந்து முகம் தெரியாதவர்களிடம் கேட்பதில் என்ன ஆச்சரியம்?

13/
பழைய காலத்தை நான் புகழப் போவதில்லை. அப்போதும் ஊர் தீர்ப்பு சொல்லிக்கொண்டுதான் இருந்தது. சீம்பாலைப் பீச்சி ஊற்றச் சொன்னதும், சேனை வைக்கச் சொன்னதும், சாப்பிடாத பிள்ளையைத் தொக்கம் எடுக்கத் தூக்கிக்கொண்டு போனதும் அந்த ஊர்தான். அதில் பல பிள்ளைகள் கெட்டுப்போயின.

ஒரே ஒரு வித்தியாசம். யோசனை சொன்ன கிழவி மறுநாளும் வருவாள். பிள்ளையைத் தூக்கிப் பார்ப்பாள். "நீ கஞ்சி குடிச்சியா?" என்று கேட்பாள். நீ கொஞ்சம் படு என்று பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்வாள். சொன்ன சொல்லுக்கு ஒரு முகம் இருந்தது. ஃபோனில் பதில் போட்டவருக்கு மறுநாள் உங்கள் பெயர்கூட நினைவிருக்காது.

14/
அதற்காக மற்ற அம்மாக்களிடம் பேசவே கூடாது என்று சொல்லவில்லை. அம்மாவுக்கு அம்மா துணை என்பது நிரூபிக்கப்பட்ட விஷயம். 1956இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஏழு தாய்மார் சேர்ந்து 'லா லேச்சே லீக்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். புட்டிப்பால் கோலோச்சிய காலம் அது. வீட்டில் கூடி, தாய்ப்பால் கொடுப்பதில் வரும் சிரமங்களைப் பேசி, ஒருவருக்கொருவர் கைகொடுத்தார்கள். இன்று பல நாடுகளில் அது இருக்கிறது.

காம்பு வெடிப்புக்கு என்ன செய்தாய், ராத்திரி எப்படிச் சமாளித்தாய், எந்தத் துணியில் தொட்டில் கட்டினாய் என்று கேட்பது நல்லது. தனியா இல்லை என்ற எண்ணமே பாதி மருந்து. அனுபவம் கேளுங்க. தீர்ப்பு கேட்காதீங்க.

15/
ஏன்? முதல் கேள்வியை, அதாவது பிள்ளையின் உடல்நலத்தை, கூட்டத்திடம் விட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

நாலு மாதத்தில் கூழ் கொடுத்து ஒன்றும் ஆகாத அம்மா வந்து, "நான் குடுத்தேன், ஒண்ணும் ஆகல" என்று எழுதுவார். கூழ் கொடுத்து வயிற்றுப்போக்கு வந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்த அம்மா அந்தப் பக்கமே வரமாட்டார். தப்பித்தவர்களின் குரல் மட்டும்தான் அங்கே கேட்கும். ஐம்பது பேர் ஒரே பதிலைச் சொன்னாலும் அது ஐம்பது சாட்சி ஆகாது.

16/
தமிழ்நாட்டில் இதன் உச்சத்தைப் பார்த்துவிட்டோம். 2018 ஜூலையில் திருப்பூரில் ஒரு பள்ளி ஆசிரியை, யூடியூப் வீடியோக்களை நம்பி வீட்டிலேயே பிரசவம் பார்த்துக்கொண்டபோது ரத்தப்போக்கால் இறந்தார். பிள்ளை பிழைத்தது.

2024 நவம்பரில் சென்னைக்குப் பக்கத்தில் குன்றத்தூரில் ஒரு தம்பதி, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்த வாட்ஸ்அப் குழுவின் ஆலோசனையில் மூன்றாவது பிரசவத்தை வீட்டிலேயே முடித்தார்கள். சுகாதாரத் துறை போலீசில் புகார் கொடுத்தது. நல்லவேளை, உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ரத்தப்போக்கு வந்திருந்தால், அந்த ஆயிரம் பேரில் ஒருத்தராலும் ஒரு சொட்டு ரத்தம் ஏற்றியிருக்க முடியாது.

17/
இரண்டாவது கேள்வியைக் கூட்டத்திடம் விடுவது இன்னும் ஆபத்து. அது சத்தமில்லாமல் நடக்கும்.

அமெரிக்காவில் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 127 புதிய தாய்மாரை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். 'நல்ல அம்மா' என்று மற்றவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று அதிகம் எதிர்பார்த்தவர்களும், எல்லாம் குறையில்லாமல் இருக்க வேண்டும் என்று சமூகம் எதிர்பார்ப்பதாக நினைத்தவர்களும் ஃபேஸ்புக்கை அதிகம் பயன்படுத்தினார்கள். வந்த கருத்துகளால் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். அதிகம் பயன்படுத்தியவர்களிடம் மனச்சோர்வின் அறிகுறிகளும் கூடுதலாகத் தெரிந்தன.

ஃபோன்தான் நோயைக் கொண்டுவந்தது என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஏற்கெனவே வாடியிருக்கும் மனசுதான் அங்கே அதிகம் போகிறது, போய் இன்னும் வாடுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

18/
நம்ம பக்கம் பல ஊரில் போர் போட்டால் உப்புத் தண்ணிதான் வரும். தாகத்துக்குக் குடித்தால் இன்னும் தாகமெடுக்கும். முகம் தெரியாதவர்களின் பாராட்டும் அப்படித்தான். "சூப்பர் மம்மி" என்று இருபது பேர் போட்டால் ஒரு மணி நேரம் நல்லா இருக்கும். மறுநாள் பிள்ளை ஒரு வாய் குறைச்சுச் சாப்பிட்டால் மறுபடியும் சந்தேகம். மறுபடியும் கேட்கணும். இருபது நல்ல பதிலுக்கு நடுவில் ஒரே ஒரு குத்தல் பதில் இருந்தால், ராத்திரி முழுக்க அதுதான் காதில் கேட்கும்.

19/
இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கு. மார்க் போடும் அதிகாரத்தை யாரிடம் கொடுக்கிறோமோ, ஃபெயில் போடும் அதிகாரத்தையும் அவர்களிடமே கொடுக்கிறோம்.

2024 ஏப்ரல் கடைசியில் ஆவடி அருகே திருமுல்லைவாயலில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு வயதுகூட ஆகாத குழந்தை நான்காவது மாடியிலிருந்து தவறி, கீழே இருந்த கூரைத் தகட்டில் விழுந்து தொங்கிக்கொண்டிருந்தது. குடியிருப்புவாசிகள் கீழே போர்வையை விரித்துப் பிடித்துக்கொள்ள, சிலர் ஜன்னல் வழியே ஏறி மீட்டார்கள். அந்த வீடியோவை நாடே பார்த்தது.

20/
பிள்ளை பிழைத்தது. ஆனால் கூட்டம் அம்மாவை விடவில்லை. "இவளெல்லாம் ஒரு அம்மாவா?" அவரைப் பார்த்தே இராதவர்கள், அவர் பிள்ளையைப் பெற்று வளர்த்த ஒரு நாளைக்கூட அறியாதவர்கள், ஒரு வீடியோவை வைத்து வாழ்நாள் தீர்ப்பு எழுதினார்கள். மன அழுத்தத்துக்குச் சிகிச்சையில் இருந்ததாகச் சொல்லப்பட்ட அவர், மே மாதம் கோவை மாவட்டம் காரமடையில் தன் பெற்றோர் வீட்டில் உயிரை மாய்த்துக்கொண்டார்.

ஒரு தற்கொலைக்கு ஒரே ஒரு காரணம் இருப்பதில்லை. மருத்துவராக அதை அழுத்திச் சொல்கிறேன். ஆனால் ஏற்கெனவே சோர்ந்திருக்கும் ஒரு தாயின் தலையில் லட்சம் பேர் ஏறி மிதித்தால் என்ன ஆகும் என்று நாம் எல்லோரும் யோசிக்கணும்.

21/
அந்த அம்மா யாரிடமும் மார்க் கேட்கவில்லை. கேட்காமலேயே போட்டார்கள். "நல்ல அம்மா", "கெட்ட அம்மா" என்று முன்பின் தெரியாத பெண்களுக்கு மார்க் போடுவது நமக்கு எல்லோருக்கும் பழகிவிட்டது. பாராட்டு போடும் அதே விரல்தான் பழியும் போடுகிறது.

22/
சரி, "நல்ல அம்மா" என்றால்தான் என்ன? டொனால்ட் வின்னிகாட் என்று ஒரு பிரிட்டிஷ் குழந்தை மருத்துவர், மனநல ஆய்வாளர். 1940களிலிருந்து பிபிசி வானொலியில் தாய்மார்களுக்காகப் பேசியவர். ஆயிரக்கணக்கான அம்மாக்களையும் பிள்ளைகளையும் பார்த்த பிறகு அவர் சொன்னது: பிள்ளைக்குக் குறையே இல்லாத அம்மா தேவையில்லை, போதுமான அளவுக்கு நல்ல அம்மா போதும்.

பிறந்த புதிதில் அம்மா முழுக்க பிள்ளைக்காகவே இருப்பாள். பிள்ளை வளர வளர, கொஞ்சம் தாமதமாக வருவாள், ஒரு அழுகைக்கு உடனே ஓடிவர மாட்டாள். பிள்ளை தாங்கக்கூடிய அந்தச் சின்னச் சின்ன ஏமாற்றங்களில்தான் பிள்ளை உலகத்தைக் கற்றுக்கொள்கிறது என்றார். அதாவது, நீங்கள் குறை என்று நினைத்து அழுவதில் பாதி, பிள்ளை வளரத் தேவையான விஷயம்.

23/
இன்னொரு முக்கியமான விஷயம். "நான் நல்ல அம்மாவா?" என்ற கேள்வி எப்போதாவது வந்தால் இயல்பு. எந்நேரமும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தால், அது மனச்சோர்வாக இருக்கலாம்.

இந்தியாவில் நடந்த 38 ஆய்வுகளைத் தொகுத்து, 2017இல் உலக சுகாதார நிறுவனத்தின் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. பிரசவத்துக்குப் பிறகான மனச்சோர்வு 22 சதவீதத் தாய்மாருக்கு இருப்பதாக அது மதிப்பிட்டது. கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர்! இதைக் கண்டுபிடிக்க எடின்பரோ அளவுகோல் என்று பத்தே கேள்விகள் உள்ள படிவம் 1987 முதல் இருக்கிறது. தமிழிலும் உண்டு.

24/
பிரசவமான முதல் சில நாட்கள் காரணமில்லாமல் அழுகை வருவது பலருக்கும் உண்டு. இரண்டு வாரத்துக்குள் தானாகச் சரியாகும். அதைத் தாண்டியும் கீழே சொல்பவை இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்:

- எதிலும் பிடிப்பில்லாத சோர்வு, அழுகை
- பிள்ளை தூங்கினாலும் உங்களுக்குத் தூக்கம் வராதது
- பிள்ளையைப் பார்த்தால் பாசம் வராதது, அல்லது ஓயாத பயம்
- எல்லாவற்றுக்கும் நான்தான் காரணம் என்ற குற்ற உணர்ச்சி
- செத்துப்போகலாம், பிள்ளையை ஏதாவது செய்துவிடுவேனோ என்ற எண்ணம். இது வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

இது திமிரும் இல்லை, பேயும் இல்லை, வளர்ப்பு சரியில்லாததும் இல்லை. வியாதி. குணமாகும். பால் கொடுக்கும்போதே எடுத்துக்கொள்ளக்கூடிய மருந்துகளும் இருக்கின்றன.

25/
இனி, என்ன செய்யலாம்?

முதல் கேள்வியை அளக்கிறவர்களிடம் கொண்டுபோங்கள். ஊர் நர்சம்மா, பால்வாடி, ஆரம்ப சுகாதார நிலையம், குழந்தை மருத்துவர். மாதம் ஒருமுறை எடை. அட்டையைப் பத்திரமாக வையுங்கள். அட்டையில் கோடு எப்படிப் போகிறது என்று அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

பால் பத்துகிறதா என்று அறிய, முதல் வாரம் முடிந்த பிறகு, ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர் போகிறதா, எடை ஏறுகிறதா என்று பாருங்கள். இரண்டும் சரி என்றால் பால் பத்துகிறது. அப்புறம் யார் சொன்னாலும் கவலைப்படாதீர்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். தண்ணிகூட வேண்டாம்.

26/
இவை இருந்தால் எந்தக் குழுவிலும் கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரி, வண்டி இல்லாவிட்டால் 108:

- மூன்று மாதத்துக்குள் உள்ள பிள்ளைக்குக் காய்ச்சல்
- பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் துவண்டு கிடப்பது
- வலிப்பு
- மூச்சு விடும்போது நெஞ்சு உள்ளே குழிவிழுவது
- வேக மூச்சு: நிமிடத்துக்கு, இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40, அல்லது அதற்கு மேல்
- உதடு, நாக்கு நீலமாவது
- மலத்தில் ரத்தம், சிறுநீர் குறைந்துபோவது

27/
இரண்டாவது கேள்வியை, உங்களை நேரில் பார்க்கிறவர்களிடம் மட்டும் கேளுங்கள். ஒருத்தர் போதும். பெத்த அம்மாவோ, அக்காவோ, மதினியோ, பக்கத்து வீட்டு அத்தையோ, பள்ளிக்கூடத் தோழியோ. நீங்க ராத்திரி மூணு மணிக்கு எழுந்ததைப் பார்த்தவர், உங்க பிள்ளை உங்க குரலைக் கேட்டதும் திரும்புவதைப் பார்த்தவர். அவர் சொல்லட்டும்.

குழுவில் இருக்கணும்னா இருங்க. ஒரு கேள்வியைப் போடும் முன்னால் உங்களையே கேட்டுப் பாருங்க: "எனக்கு இப்ப வேண்டியது தகவலா, ஆறுதலா?" தகவல் என்றால் நர்சம்மாவுக்கு ஃபோன். ஆறுதல் என்றால் மேலே சொன்ன அந்த ஒருத்தருக்கு ஃபோன்.

28/
மாமியார், அம்மாக்களுக்கு: உங்க கவலை புரியுது. ஆனா "பிள்ளை இளைச்சுருச்சு" என்பது அந்தப் பெண்ணின் காதில் "நீ சரியில்லை" என்றுதான் விழும். பத்து கவலைக்கு ஒரு தடவையாவது, "நல்லாத்தான் பார்க்கிறே தாயி, நீ கொஞ்ச நேரம் படு, நான் பிள்ளையை வச்சுக்கிறேன்" என்று சொல்லுங்க. மருந்துக் கடையில் கிடைக்காத டானிக் இது.

வெளியூரில், வெளிநாட்டில் இருக்கும் அப்பாக்களுக்கு: வீடியோ காலில் முதல் கேள்வி "பிள்ளை சாப்பிட்டாளா?" வேண்டாம். "நீ சாப்பிட்டியா? தூங்குனியா?" என்று ஆரம்பிங்க. அப்புறம் பிள்ளையைப் பாருங்க.

29/
குழுக்களில் பதில் போடுகிறவர்களுக்கு: ஒரு அம்மா கேள்வி போட்டால், மார்க் போடாதீங்க. "அட்டையில என்ன எடை இருக்கு? நர்சம்மாகிட்ட காட்டுனீங்களா? கூட யாராவது இருக்காங்களா? தூங்குனீங்களா?" இந்த நாலு கேள்வியைத் திருப்பிக் கேளுங்க. நாற்பது யோசனையைவிட இது உபயோகம்.

யாரோ ஒரு அம்மாவைத் திட்டும் வீடியோ உங்களுக்கு வந்தால், அடுத்தவருக்கு அனுப்பாமல் உங்களோடு நிறுத்துங்க. அந்தப் பக்கம் யார் எந்த நிலையில் இருக்கிறார் என்று நமக்குத் தெரியாது.

30/
மனசு தாங்க முடியாமல் இருந்தால், தமிழ்நாடு அரசின் 104, தேசிய மனநல உதவி எண் 14416. கட்டணம் இல்லை. 24 மணி நேரமும் பேசலாம். அங்கேயும் முகம் தெரியாதவர்தான் பேசுவார். ஆனால் அவர் உங்களுக்கு மார்க் போட மாட்டார். கேட்பதற்கென்றே பயிற்சி பெற்றவர்.

உங்கள் ஊரில், உங்கள் தெருவில் பச்சைப்பிள்ளை இருக்கும் வீடு ஒன்று நினைவுக்கு வந்தால், இந்த இழையை அனுப்புவதோடு நிற்காமல், ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். பிள்ளையைக் கொஞ்சுவதற்கு முன்னால் அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசுங்கள்.